நாள் பார்த்துக் கொண்டுவந்த பூனைக்குட்டி

அந்தப் பூனைக்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது ஆனி மாதம் முப்பதாம் நாள், பின்னேரம் நாலரை மணிக்கு. ஆண்டை எழுதவில்லை. எழுதினால் வாசிக்கிறவர்கள் தன் வயதைக் கணக்குப் பார்ப்பார்கள் என்று என் மனைவி தடுத்துவிட்டாள். அறுபதுகளின் நடுப்பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மற்றவை எல்லாம் நான் நாள்தோறும் எழுதிவந்த கொப்பியில் உள்ளபடியே.

முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் எங்களுக்குக் குடியேற்றக் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அது மூன்றாவது வருடம். வரும்போது நான் கொண்டுவந்தவை இரண்டு பெட்டி புத்தகமும் ஒரு மண்வெட்டியும். மண்வெட்டி மாமனார் வாங்கித் தந்தது. காட்டை வெட்டி வயலாக்கியவர்கள் பலர். புத்தகப் பெட்டியை முதலில் இறக்கியவன் நான் ஒருவன்தான் என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள். இறக்கியது உண்மை. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் இறக்கினேன்.

முந்திய வருடம் மாரிமழைக் காலபோக விதைப்புக்கென்று கட்டி வைத்த விதைநெல்லில் மூன்று மூட்டையை எலி தின்றுவிட்டது. தின்றதுகூடப் பெரிதில்லை; தின்னாததையும் சாக்கைக் கிழித்து நிலமெல்லாம் கொட்டி வைத்திருந்தது. எனவே பூனை வேண்டும் என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இருக்கவில்லை. எப்போது வேண்டும் என்பதில்தான் நான் பிழை விட்டேன்.

தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு வந்து விற்கும் வியாபாரி ஒருவர் எங்களுக்குப் பழக்கம். முஸ்லிம் ஆள்; என்னைவிட நாலைந்து வயதுதான் கூட; அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம். அவர் வீட்டுப் பூனை ஆனி இரண்டாம் நாள் மூன்று குட்டி போட்டிருந்தது. அந்தத் தேதியை அவரிடம் கேட்டு எழுதி வைத்தேன். ஏன் எழுதினேன் என்றால், எழுதுவது என் வழக்கம். ஆவணி பிறந்ததும் ஒன்றைத் தருவதாகச் சொன்னார்.

நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். ஆடியில் புதிதாக எதையும் வீட்டுக்குள் எடுப்பதில்லை, அது தெரிந்ததுதான். ஆவணி முதல் பாதியிலும் நல்ல நாள் ஒன்றும் அகப்படவில்லை. மாடு கொள்ளுவதற்குப் பஞ்சாங்கத்தில் நாள் உண்டு, பூனை கொள்ளுவதற்கு இல்லை. இரண்டுக்கும் கால் நாலு என்பதால் பூனையை மாட்டோடு சேர்த்தேன். அப்படிச் சேர்த்துப் பார்த்தபோது, ஆடி பிறக்கமுன் இருந்த ஒரே நல்ல நாள் ஆனி முப்பது. சைக்கிளை எடுத்துக்கொண்டு தண்ணீரூற்றுக்குப் போனேன்.

நானா குட்டியைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தார். “தம்பி, இது இன்னும் பால் குடிக்குது. ஆவணியில வந்து எடுங்கோவன்.”

“ஆவணியில நாள் சரியில்லை நானா.”

“பூனைக்கும் நாளோ?”

“வீட்டுக்கு நாலுகால் சீவன் ஒண்டு வாறதெண்டா பாக்கத்தானே வேணும்.”

“அப்ப எலியளுக்கும் நீங்கள்தான் நாள் பாத்துக் குடுத்தனீங்களோ? நல்ல நாளாத்தான் குடுத்திருக்கிறியள்.”

சிரித்துக்கொண்டே குட்டியைத் தந்தார். மூடியுள்ள பனையோலைப் பெட்டி ஒன்றில் வைத்து, குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்தியே வீட்டு வாசலுக்கு வந்து, பத்து நிமிடம் வேலிப் படலைக்கு வெளியே நின்றேன். மனைவி குசினி யன்னலால் எட்டிப் பார்த்து, “என்னப்பா, ஆராத்திக்கோ நிக்கிறியள்?” என்று கேட்டாள்.

முதல் இரண்டு நாளும் குட்டி என் உள்ளங்கைக்குள் நித்திரை கொண்டது. மண்ணிறத்தில் கறுப்புக் கோடு போட்ட குட்டி. மூன்றாம் நாள் விழித்துக்கொண்டது.

பூனைக்குட்டியின் பல்லை ஊசி என்று சொல்வார்கள். ஊசி ஒரு இடத்தில் குத்தி நிற்கும். இது குத்திவிட்டு, முன்னங்கால் இரண்டாலும் கையைக் கட்டிப்பிடித்து, பின்னங்கால் இரண்டாலும் உழும். எனக்கு அது பிடித்திருந்தது. கடிக்கிற குட்டிதான் எலி பிடிக்கும் என்பது என் கணிப்பு. ஆகையால் பயிற்சி கொடுக்கத் தொடங்கினேன். மாலையில் வாங்குப் பலகையில் குந்தியிருந்து, உடுத்த சாரத்தின் கரைக்குள்ளே விரலை எலி ஓடுவதுபோல ஓட்டுவேன். குட்டி பின்புறத்தை ஆட்டி ஆட்டிக் குறிபார்த்துப் பாயும். பாய்ந்து கடித்தால், “கெட்டிக்காரன்” என்பேன். ஒவ்வொரு கடியையும் கொப்பியில் பதிந்தேன். ஆடி மூன்று, காலை, வலக்கைப் பெருவிரல், இரத்தம் கொஞ்சம், காரணம் தெரியவில்லை. ஆடி நாலு, மாலை, இடக்கால் குதி, சாரத்துக்கு மேலால், காரணம் தெரியவில்லை. இப்படியே போகிறது.

என்னிடம் இருந்த இரண்டு பெட்டிப் புத்தகத்திலும் இதற்கு விடை தேடினேன். பழம்பாட்டுகளில் காட்டுப் பூனை வருகிறது, கோழிகள் அதைக் கண்டு அஞ்சுகின்றன. வீட்டுக்காரனின் குதியைக் கடித்ததாக எந்தப் புலவரும் பாடவில்லை. பழைய ஆங்கில மாத சஞ்சிகை ஒன்றில் நாயை எப்படிப் பழக்குவது என்று நாலு பக்கம் இருந்தது. அதன்படி குட்டியின் மூக்கில் விரலால் மெல்லத் தட்டினேன். முதல்முறை விளையாட்டு என்று நினைத்தது. மூன்றாம்முறை, என் கை வருவதைக் கண்டதுமே காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு முந்திக் கடித்தது. கடியின் ஆழம் கூடியது, அதையும் பதிந்தேன்.

மனைவிக்கு அப்போது ஆறு மாதம். நடையில் ஒரு நிதானம் வந்திருந்தது, ஆனால் வேலையை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஆடி பத்தாம் நாள் காலை கொதிக்கக் கொதிக்கக் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு குசினியிலிருந்து முற்றத்துக்கு இறங்கினாள். சேலைக் கரை நிலத்தில் அசைந்தது. வாங்குக்குக் கீழே இருந்த குட்டிக்கு அது போதும். பாய்ந்து கணுக்காலைக் கட்டிப்பிடித்துப் பல்லைப் பதித்தது. அவள் தடுமாறினாள். பானை கையை விட்டுப் போய் முற்றத்தில் உடைந்தது. அவள் விழவில்லை. குசினி வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய்ப் பிடித்து அவளை வாங்கில் இருத்தினேன்.

மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து அவள் காலில் பூசினேன். பிறகு சொன்னாள்:

“இஞ்சருங்கோ. ஆவணிக் கடைசியில நான் அம்மா வீட்டை போறன். பிள்ளையோட திரும்பி வரேக்குள்ள இப்பிடிக் கடிக்கிற சீவன் இந்த வீட்டுக்குள்ள இருக்கக்கூடாது. ஒண்டில் அது கடியை விடவேணும். இல்லாட்டி அது போகவேணும்.”

“அப்ப எலி?”

“எலி நெல்லைத் தின்னும். பிள்ளையின்ர கண்ணைத் தோண்டாது.”

விதைநெல்லுக்காகத்தான் கவலைப்பட்டேன் என்று அன்றைய பதிவில் எழுதியிருக்கிறேன். அது முழு உண்மையில்லை. அன்று பின்னேரம் குட்டி வந்து என் மடியில் சுருண்டு படுத்தபோது, அதைக் கொண்டுபோய் விடுகிற என்னை என்னாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நான் வாய்க்காலில் தண்ணீர் திருப்பிவிட்டு வந்தபோது, மனைவி கதிரையில் காலை நீட்டிக்கொண்டு என் கொப்பியை வாசித்துக்கொண்டிருந்தாள். அதை அவள் வாசிப்பதில்லை. மழை, வெயில், மாட்டுக்கு வந்த காய்ச்சல் எல்லாம் தனக்கும் நினைவிருக்கிறது என்பது அவள் கட்சி.

“இதில ஒன்பது இடத்தில ‘காரணம் தெரியவில்லை’ எண்டு எழுதி வைச்சிருக்கிறியள்.”

“ஓம். தெரியேல்லை.”

“ஒன்பதில எட்டிலயும் நீங்கள் இருக்கிறியள். காரணம் கதிரைக்கு முன்னால நிக்குது.”

நான் பயிற்சி பற்றி விளக்கப் போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“உங்கட விரலை எலியெண்டு காட்டினது நீங்கள். இப்ப என்ர காலையும் அது எலியெண்டுதான் நினைக்குது. அதை விடுங்கோ. இந்தப் பக்கத்தைப் பாருங்கோ. பிறந்தது ஆனி ரண்டு. வந்தது ஆனி முப்பது. இருபத்தெட்டு நாள். நானா ஆவணியில எடுக்கச் சொன்னவர்தானே?”

“ஓம்.”

“ஆட்டுக்குட்டியள் ஒண்டோடொண்டு முட்டி விளையாடுறதை நீங்கள் பாக்கிறேல்லையோ? ஒண்டு பலமா முட்டினா மற்றது கத்திப்போட்டு ஓடுது. ஓடினா விளையாட ஆளில்லை. அப்பதான் முட்டினது யோசிக்கும். இதுக்கு ஆர் இருந்தது யோசிக்க வைக்க? தாயுமில்லை, கூடப்பிறந்ததுமில்லை. நீங்கள் ஒராள். நீங்கள் கடி வாங்கிப்போட்டுக் கெட்டிக்காரன் எண்டுறியள்.”

பத்து மாதம் படிக்க வேண்டிய பிள்ளையை இரண்டு மாதத்தில் பள்ளிக்கூடத்தால் மறித்து, நல்ல நாள் பார்த்து வீட்டில் வைத்திருக்கிறேன் என்பது அவள் தீர்ப்பு. ஆதாரம் முழுவதும் என் கையெழுத்தில் இருந்தது.

“இப்ப ஆடி. திருப்பிக் கொண்டுபோனா, ஆவணியில மறுபடி கூட்டிவர நாள்...”

“திரும்பி வாறதுக்கு நாள் என்னத்துக்கு? நீங்கள் சந்தைக்குப் போட்டு நாள் பாத்தோ வாறனீங்கள்?”

அடுத்தநாள் காலை குட்டியை ஓலைப்பெட்டியில் போட்டு, சைக்கிள் கைபிடியில் கட்டிக்கொண்டு தண்ணீரூற்றுக்குப் போனேன். வழி முழுவதும் பெட்டிக்குள்ளிருந்து பிள்ளை அழுவதுபோலச் சத்தம். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, ஆரேனும் சுகமில்லாமல் இருக்கிறார்களோ என்று கேட்டார்.

நானா விஷயத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். “நல்ல நாளில போன மாப்பிள்ளை திரும்பி வந்திட்டார்.” உள்ளேயிருந்து அவர் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மூன்று குட்டியில் ஒன்றை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். மற்றது, வெள்ளைக் காலுள்ளது, தாயோடு இருந்தது. தாய் முதலில் எங்கள் குட்டியைக் கண்டு சீறியது. என் வீட்டு மணம் அதற்குப் பிடிக்கவில்லை. எங்கள் குட்டி வழக்கம்போலப் பாய்ந்து வெள்ளைக்காலின் காதைக் கடித்தது. வெள்ளைக்கால் வீரிட்டுக் கத்திவிட்டு, எழும்பி, நாலடி தள்ளிப்போய்த் தன் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து நக்கத் தொடங்கியது. எங்களது திகைத்து நின்றது. கடித்தால் ‘கெட்டிக்காரன்’ என்று ஒருவரும் சொல்லாதது அதற்குப் புதிது. மறுபடி போய்க் கடித்தது. மறுபடி கத்தல், மறுபடி முதுகு. மூன்றாம்முறை தாய் வந்து ஒரு கையால் அதை நிலத்தோடு அமத்திப் பிடித்தது. அடிக்கவில்லை. அமத்தி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, விட்டுவிட்டுப் போனது.

நான் கொப்பியை எடுத்து நேரத்தைக் குறித்தேன்.

“தம்பி, பூனைக்கு ரிப்போட் எழுதுறியளோ?” என்றார் நானா.

“சும்மா, ஒரு குறிப்பு.”

“எழுதுங்கோ, எழுதுங்கோ. வகுப்பில எத்தினையாம் பிள்ளை எண்டதையும் போடுங்கோ.”

“ரண்டு பேர்தானே நானா.”

“அப்ப கடைசிப்பிள்ளை எண்டு எழுதுங்கோ.”

மூன்று கிழமை அங்கே விட்டேன். நடுவில் ஒருமுறை, வேறு வேலையாகப் போவதுபோல, போய்ப் பார்த்தேன். இரண்டும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன. எங்களது வெள்ளைக்காலின் கழுத்தை வாயில் வைத்திருந்தது, ஆனால் வாய் மூடவில்லை. வெள்ளைக்கால் கத்தவுமில்லை, ஓடவுமில்லை. கடிப்பது நிற்கவில்லை என்பதும், கடிக்கு ஒரு அளவு வந்துவிட்டது என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதை மனைவியிடம் சொன்னபோது, வேறு வேலை என்ன வேலை என்று மட்டும் கேட்டாள்.

ஆவணி நாலாம் நாள் குட்டி வீடு திரும்பியது. படலைக்கு வெளியே நிற்காமல் நேரே உள்ளே கொண்டுபோனேன்.

அன்றிலிருந்து வீட்டில் மனைவியின் சட்டம். கையும் காலும் விளையாட்டுச் சாமான் இல்லை. குட்டி கடித்தால் இழுக்கக்கூடாது. இழுத்தால் ஓடுகிற எலி என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அசையாமல் நின்று, அது விட்டதும் எழும்பி அப்பால் போய்விட வேண்டும். விளையாட வேண்டுமென்றால் நீளமான ஈர்க்கின் நுனியில் நானாவிடம் வாங்கிய சீத்தைத் துணியில் ஒரு கிழிசலைக் கட்டி, தூரத்தில் ஆட்ட வேண்டும். அதுவும் சாப்பாட்டுக்குச் சற்று முந்தி. ஓடிப் பிடித்துக் களைத்த குட்டி, சோறும் மீனும் தின்றுவிட்டு, தன்னை நக்கிக்கொண்டு படுத்துவிடும். ஒருவருடைய கணுக்காலும் அதன் நினைவில் இருக்காது. நெல் மூட்டையில் நகம் தீட்டுவதை நிறுத்த, மூட்டைக்குப் பக்கத்துக் கம்பத்தில் தும்புக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிட்டேன். இரண்டு நாள் கம்பத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் நித்திரையால் எழும்பி நேரே போய் அதைக் கிழித்தது. அது நான் தனியே கண்டுபிடித்த ஒன்று என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இன்னும் சிலதும் கவனித்தேன். வயிற்றைக் காட்டிப் புரள்வது தடவுவதற்குத் தரும் அனுமதியல்ல. மடியில் இருக்கும்போது வால் நுனி டக்கு டக்கென்று அடிக்கத் தொடங்கினால், தடவினது போதும் என்று பொருள். அதற்குமேல் தடவிக் கடி வாங்கியவன் பூனையைக் குற்றம் சொல்லக்கூடாது. சட்டம் வந்த முதல் கிழமையில் வீட்டில் மூன்று கடி. மூன்றும் எனக்கு. மூன்றிலும் பாய்க்கு வெளியே என் கால்விரல் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

“குட்டி பழகீட்டுது” என்றாள் மனைவி. “உங்களை எங்க கொண்டுபோய் விடுறதெண்டுதான் தெரியேல்லை.”

ஆவணி இருபத்தேழாம் நாள் பஸ்ஸில் அவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஏறுமுன் சொன்னாள்: “நான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை. பிள்ளையோட வந்து பாத்துத்தான் முடிவு.”

பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பூனை முதல் எலியைப் பிடித்தது புரட்டாதியில். அதற்கு ஒரு முழுப்பக்கம் போனது. விதைப்புக்கு நாலு வரி. அவளிடமிருந்து பதில் வந்தது: பூனை சுகம் என்று அறிந்து சந்தோசம், நீங்களும் உயிரோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஐப்பசியில் மகள் பிறந்தாள். பிள்ளை பெற்ற துடக்குக் கழிந்து, மார்கழி மூன்றாம் நாள் மழைத்தூறலில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். பூனை அப்போது ஆறு மாதம்; வால் முழுநீளம். பிள்ளையைப் பாயில் கிடத்தியதும் வந்து மணந்து பார்த்தது. பிள்ளை காலை உதைத்துக்கொண்டே இருந்தது. அசைகிற கால், சின்ன விரல்கள். மனைவி ஒரு கையைப் பிள்ளைக்கு மேலே வைத்தபடி பூனையையே பார்த்தாள். பூனை காலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உதை படாத தூரத்துக்குப் போய்ப் படுத்தது. அன்றும் மனைவியிடமிருந்து ஓம் வரவில்லை.

அவர்கள் வந்த ஏழாம் நாள் காலை வயலால் வந்தேன். மனைவி கிணற்றடியில் நின்றாள். உள்ளே பாயில் பிள்ளை முழித்துக் கிடந்தது. இடக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, சிவப்பாக ஒரு கீறல். பூனை ஒரு முழத் தூரத்தில் இருந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

நான் ஒன்றையும் பதியவில்லை. யாரையும் கேட்கவில்லை. ஓலைப்பெட்டியை எடுத்துப் பூனையைப் பிடித்து உள்ளே திணித்தேன். பெட்டி அதற்கு இப்போது சிறியது. அது என்னைக் கடிக்கவில்லை. கடித்திருந்தால் வேலை எனக்கு லேசாக இருந்திருக்கும். சைக்கிளில் கட்டிக்கொண்டு நிற்கையில் மனைவி ஈரக் கையோடு வந்தாள்.

“எங்க கொண்டு போறியள்?”

“நானா வீட்டை. நீர் சொன்னது சரி. பிள்ளையின்ர முகத்தைப் போய்ப் பாரும்.”

“கன்னத்துக் கீறலோ?”

“கண்டனீரோ?”

“விடியவே கண்டனான். விறாண்டினவரையும் கண்டனான்.”

அவள் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன் பொத்திய கையை விரித்துக் காட்டினாள். விரல் ஒவ்வொன்றின் நுனியிலும் மெல்லிய, வெங்காயத் தோல் போன்ற நகம், சதையைத் தாண்டி நீண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பிள்ளை கையை உதறி, வலக் கன்னத்திலும் ஒரு கோடு போட்டது. போட்டுவிட்டு அழுதது.

“இவவையும் பெட்டிக்குள்ள வைச்சுக் கட்டுங்கோவன்” என்றாள் மனைவி. “நானா ரண்டு பேருக்கும் சேத்துப் பாடம் எடுப்பார்.”

நான் கயிற்றை அவிழ்த்தேன்.

“பூனை இருக்கட்டும்” என்றாள். அவ்வளவுதான், ஆவணியிலிருந்து நான் காத்திருந்த தீர்ப்பு அது.

பிறந்த பிள்ளைக்குக் கத்தரிக்கோல் வைப்பதில்லை. அவள் வாங்கில் இருந்து, பிள்ளையின் சுண்டுவிரலை வாய்க்குள் வைத்து, நகத்தின் நுனியை மட்டும் முன்பல்லால் மெல்லக் கடித்து எடுத்தாள். பிறகு அடுத்த விரல். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தது. பூனை வாங்குக்குக் கீழே போய் இருந்துகொண்டது. என்னிடம் அது மூன்று நாள் வரவில்லை. மீன்தலை வைத்துக் கூப்பிட்டும் வரவில்லை.